போயா லீவுக்கு வந்த பிள்ளைகள்

ஹட்டன் ஸ்டேஷனை விட்டுக் கோச்சி நகர்ந்தால் கொஞ்ச நேரத்தில் சிங்கமலைச் சுரங்கம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது வரப்போவது தெரியும். என்ஜின் உள்ளே நுழைந்ததும் முன்பெட்டியில் 'ஹூ...' என்று ஒரு கூச்சல் கிளம்பும். பெட்டிக்குப் பெட்டி தொற்றிக்கொண்டு கடைசிப் பெட்டி வரைக்கும் வரும். ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீளமான இருட்டு. டீசல் புகை ஜன்னல் வழியாக மூக்கில் ஏறும். வெளிச்சம் வந்ததும், கூவிய அத்தனை பேரும் ஒன்றும் அறியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

2024 பெப்ரவரி 23, நவம் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் சனி, ஞாயிறும் சேர்த்து மூன்று நாள் லீவு. கொழும்பிலிருந்து தலவாக்கலைக்கு, பெரியம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியில் கால் வைக்க இடமில்லை. வாசல்படியில் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள், கண்டியில் ஏறியவர்கள். ஒருத்தி ஜெர்மன்காரப் பெண், பத்தொன்பது வயது. தெற்குக் கரையோரத்தில் ஒரு பாலர் பாடசாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவள். மற்றவன் டொராண்டோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில் மூன்று மாதத் தொண்டு. கண்டியில் ஒரே விடுதியில் தங்கப்போய்ப் பழக்கமாம். சுரங்கத்துக்குள் இரண்டு பேரும் கூவினார்கள். எல்லாருக்கும் கடைசியாக, கொஞ்சம் வெட்கத்தோடு.

அவர்களுடைய திட்டம் ஃபோனில் இருந்தது. வெள்ளி இரவு நுவரெலியா. சனி விடியுமுன் ஹோர்டன் சமவெளி, சாயங்காலம் எல்ல. ஞாயிறு காலை ஒன்பது வளைவுப் பாலம், பிறகு லிப்டன் இருக்கை, இரவு பஸ்ஸில் கரைக்கு இறக்கம். திங்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். "காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டா புறப்பட்டீர்கள்?" என்று கேட்கத் தோன்றியது. டொராண்டோப் பையனுக்கு அது விளங்கியிருக்கும், அவளுக்கு யார் மொழிபெயர்ப்பது?

வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு மூன்று நாள் லீவு ஒரு பெரிய காரியம். கணக்கெல்லாம் இருக்கிறது. 1961-இல் கென்னடி தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையில் ஒரு மாதம் வேலை பார்த்தால் இரண்டு நாள் லீவு சேரும். ஐ.நா. தொண்டர்களுக்கு மாதம் இரண்டரை நாள். ஜெர்மன் அரசு 2008-இல் ஆரம்பித்த 'வெல்ட்வேர்ட்ஸ்' மாதிரித் திட்டங்களில் வருகிறவர்களுக்கும் எழுதிய விதிகள் உண்டு. தனியார் முகவருக்குக் காசு கட்டி வருகிற பிள்ளைகளுக்குத்தான் வரைமுறை இல்லை. பொறுப்பில் இருப்பவரின் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். (முகவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்று: சுற்றுலா விசாவில் வந்து இந்த நாட்டில் சம்பளமில்லாத வேலையும் பார்க்கக்கூடாது. தொண்டுக்கு வருகிறவர் அதற்கான விசாவில்தான் வரவேண்டும்.)

அந்தப் பெண்ணுக்கு லீவு கிடைத்தும் முகம் தெளியவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்துவிட்டு ஊர் சுற்றுவது சரியா என்று என்னிடமே கேட்டாள். என் பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை: போக வேண்டும். இரண்டு மாதம் இடைவெளியில்லாமல் முப்பது வாண்டுகளோடு மல்லுக்கட்டுகிற பத்தொன்பது வயதுக்காரிக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வாண்டுகள் மேல்தான் இறங்கும். லீவு எடுக்காத வாத்தியாரிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் சங்கடமெல்லாம் அந்த மூன்று நாளை இவர்கள் செலவழிக்கிற விதத்தில்தான். கரையோரத்தில் தெரு நாயின் பேரைக்கூடத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளை, மலைக்கு ஏறியதும் யாருடைய பேரும் கேட்காமல் இறங்கிப் போய்விடுகிறது.

சுற்றிப் பார்க்கிறவர்களுக்காக யாரும் இந்த ரயில் பாதையைப் போடவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-இல் ரயில் வந்தது கோப்பி மூட்டை இறக்குவதற்கு. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-இல் கோப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் கோப்பித் துரைமார் பலர் ஓட்டாண்டி. மிச்சம் இருந்தவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். பாதை 1884-இல் ஹட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் ஏறியது. பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. மேலே போகும்போது அரிசி, கீழே வரும்போது தேயிலைப் பெட்டி. வாசல்படியில் காலை நீட்டிக்கொண்டு எடுக்கிற அத்தனை படத்திலும் பின்னால் பச்சையாகத் தெரிவது அந்தக் கணக்குத்தான்.

அதனால் நான் தருகிற யோசனை ஒன்றுதான். மூன்று நாளில் ஐந்து இடம் வேண்டாம், ஒரு பள்ளத்தாக்கு போதும். ஹட்டனில் இறங்கினால் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ ஒரு பக்கம். மஸ்கெலியா, சாமிமலை, நல்லதண்ணி மறுபக்கம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று நாளும் அங்கேயே பஸ்ஸில் ஏறி இறங்கலாம். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா பட்டணம் கிடக்கிறது. 1960-களில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போனது. கடும் வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலின் இடிபாடு சேற்றிலிருந்து தலை நீட்டும். ஊர்க்காரர்கள் நடந்து போய்ப் பார்ப்பார்கள். தாத்தாவின் கடை இருந்த இடம் இது, சந்தி இது என்று கால் விரலால் காட்டுவார்கள். அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. சிவனொளிபாத மலைக்கு ஏறுவதானால் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சீசன். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், 2,243 மீட்டர் உயரம். போயா வார இறுதியில் மட்டும் போகாதீர்கள். நடு இரவில் படியில் நகராமல் நிற்கும் கூட்டத்தில் சூரிய உதயத்தைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்கிறவரின் முதுகைத்தான் பார்க்கலாம்.

இந்த மலைக்கு லீவில் வந்த பொதுவேலைக்காரர்களில் பேர்பெற்ற ஒருவர் உண்டு. 1931 பெப்ரவரியில் அப்பா மோதிலால் காலமானார். மார்ச்சில் காந்தி-இர்வின் உடன்படிக்கை. சிறையும் கூட்டமுமாக உடம்பு நைந்துபோயிருந்த ஜவாஹர்லால் நேருவை டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொல்ல, மனைவி கமலாவையும் மகள் இந்திராவையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்தார். நுவரெலியாவில் ஒரு சின்ன வீடு. ஓய்வெடுக்க விடுவார்களா? தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மைல்கணக்கில் நடந்து தினமும் வந்தார்கள். கையில் காட்டுப்பூ, மரக்கறி, வீட்டில் கடைந்த வெண்ணெய். வந்தவர்களுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர்கள் மொழி தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதுதான் பேச்சு. வீடு நிறைந்துபோய், அந்தப் பொருள்களை ஆஸ்பத்திரிக்கும் அநாதை இல்லத்துக்கும் கொடுத்துவிட்டதாக அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெண்ணெய்தான் கண்ணில் நிற்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு மாடு வைத்திருப்பதே பெரிய சொத்து. அதன் பாலை விற்றால் கடைக் கடனில் கொஞ்சம் அடைபடும். அதை விற்காமல் கடைந்து, இலையில் பொதிந்து, காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து, ஏற்றத்தில் நடந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கிற கையாகவே பழகிய ஒருவர் அந்த வாசலில் வாங்கிக்கொண்டு நின்றார். எட்டு ஆண்டு கழித்து, 1939 ஜூலையில், அதே நேரு லீவில் இல்லாமல் வேலையாக வந்தார். இந்திய வம்சாவளி அரச கூலிகளைத் திருப்பி அனுப்பும் முடிவைப் பற்றிப் பேச வந்த அந்தப் பயணத்தில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. பின்னால் அதுவே இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1931-இன் அந்த வெண்ணெய் 1939-இல் அவர் நினைவில் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. 1936-இல் வெளிவந்த சுயசரிதையில் எழுதும் அளவுக்கு இருந்திருக்கிறது.

அதே 1931-இல் இன்னொருவர் ஹட்டனில் வேலையில் இருந்தார். தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர். தோட்டத் தொழிலாளருக்கென்று தனியாகச் சங்கம் தொடங்கியது அந்த ஆண்டில். அதற்கு முன் தோட்டங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவர் புடவை வியாபாரி வேஷத்தில் லயம் லயமாகப் போனார். காரணம் எளிது: தோட்டம் துரையின் காணி. உள்ளே இருக்கிற பாதை அவருடைய பாதை. வெளியாள் லயத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. புடவை மூட்டை தூக்கியவனை மட்டும் கங்காணி விடுவார். இன்றைக்கு அதே வாயிலில் கமராவோடு வருகிற யாருக்கும் சலாம் கிடைக்கிறது. உள்ளே நடந்து, லயத்து முற்றத்தில் காயும் துணியோடு சேர்த்துப் படம் பிடிக்கலாம்; ஏன் என்று கேட்க ஆளில்லை. நடேசய்யரின் மூட்டைக்குள் குறிப்பேடு இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

திரும்ப ரயிலுக்கு வருகிறேன். தலவாக்கலை நெருங்கியபோது, "பெரியம்மா வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள், அடுத்த பஸ்ஸில் நுவரெலியா போய்விடலாம்" என்றேன். ஃபோனில் திட்டத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். இறங்கிவிட்டார்கள்.

பஸ்ஸில் கொஞ்ச தூரம், மிச்சம் ஆட்டோ. போயா என்று பெரட்டு இல்லை. ஆனால் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்த பெரியம்மா மத்தியானம்தான் வந்தார். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுக்கு மேல். ஊழியர் சேமலாப நிதி மகள் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. அதனால் கைக்காசு. இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டார். காலை உதறி ஒரு அட்டையை எடுத்துச் சுண்டி எறிந்தார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"வாடா தம்பி. யாரு இந்தப் புள்ளைக? உள்ள வாங்க சாமி, ஏன் இஸ்தோப்புலயே நிக்கிறீங்க?"

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஜெர்மன் பெண் தலையைக் குனிந்து நுழைந்தாள், உட்கார இடம் தேடினாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுப்படிப் புகை கண்ணைக் கரித்திருக்க வேண்டும், துடைத்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா சாயத்தண்ணி ஊற்றி, இவர்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு கரண்டி சீனி வைத்தார். சீனியைக் கிளாஸில் கொட்டப்போன பையனின் கையைப் பிடித்து நிறுத்தி, நக்கிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு, தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு. தோட்டத்தில் தொழிலாளிக்குக் கிடைக்கிற தூள் அது. பெட்டியில் ஏறிக் கடல் தாண்டிப் போகிற இலையின் முகத்தைப் பெரியம்மா கொழுந்தாகத்தான் பார்த்திருக்கிறார், கிளாஸில் பார்த்ததில்லை.

அவள் தெற்கில் என்ன செய்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு சம்பளம் என்றார். சம்பளம் இல்லை, இவள்தான் முகவருக்குக் காசு கட்டி வந்திருக்கிறாள் என்றேன்.

"காசு குடுத்துட்டு வேலைக்கு வந்தியா?" பெரியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து வீட்டு இஸ்தோப்பைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏய், இங்க வந்து பாரு, இந்தப் புள்ள காசு கட்டிப் பேர் போட வந்திருக்கு!" பக்கத்துக் காம்பராக்காரிகள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. பிறகு அவளும் சிரித்தாள். அப்போது நாட்கூலி ஆயிரம் ரூபா. ஆயிரம் கேட்டுப் பல ஆண்டு போராடி 2021-இல் கிடைத்தது; 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. அதுவும் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து என்று தோட்டம் வைத்த நிறை வந்தால். வராவிட்டால் அரைப்பேர்.

டொராண்டோப் பையன் தமிழில் பேச ஆசைப்பட்டான். "அம்மா, நீங்கள் எத்தினை வருஷமா இஞ்ச இருக்கிறியள்?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

பெரியம்மா அவனை ஒரு கணம் பார்த்தார். "பொறந்ததே இங்கதான் தம்பி. எங்க அம்மா பொறந்ததும் இந்தத் தோட்டந்தான். நீங்க கனடா போயி எத்தன வருஷம்?"

"அப்பா எண்பத்தாறில போனவர். நான் அங்கதான் பிறந்தனான்."

"ஒனக்குக் கனடாக்காரன்னு கடுதாசி எப்பக் குடுத்தாங்க?"

அவனுக்கு விளங்கவில்லை. பிறந்தவுடனேயே, என்றான். பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் ஆட்களின் குடியுரிமை 1948 சட்டத்தில் பறிபோனது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆளை எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பெரியம்மாவின் கையில் குடியுரிமை வந்தது 2003 சட்டத்துக்குப் பிறகு. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது, மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. நான் இதையெல்லாம் அவனிடம் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னேன். காம்பராவில் சொல்லப் பெரியம்மா விடவில்லை; அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோதுதான் பெரியம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமாவின் பேச்சு வந்தது. 1972-இல் பெரிய மாமாவின் குடும்பம் இந்தியப் பாஸ்போட்டில் போனது. தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கிய அந்த ரயில்களுக்கு எங்கள் ஊரில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுத அழுகையில் வந்த பேர். பெரியம்மாவுக்குப் பதினாலு வயது. கோச்சி நகரும்போது ஜன்னலில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும்வரை ஓடியிருக்கிறார். அக்கரையில் மாமாவுக்குக் கிடைத்த வேலை? தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தோட்டத்தில் கொழுந்து. கடல் தாண்டிப் போயும் கூடை மாறவில்லை.

"ஒரு தடவ போயி ஒரு வாரம் இருந்துட்டு வரணும்னு நெனைச்சேன்" என்றார் பெரியம்மா. முதலில் பாஸ்போட் இல்லை. பிறகு 1984-இல் இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. பாஸ்போட் எடுக்கலாம் என்று வந்தபோது பணமில்லை, பணம் சேர்ந்தபோது மாமா இல்லை. வாழ்நாளில் அவர் போன தூரப்பயணம் கதிர்காமம் இரண்டு தடவை, கொழும்பு நாலைந்து தடவை. எல்ல எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பதுளைப் பக்கம் என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெண் இதைக் கேட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நாலு மாதத்துக்கு முன் பெர்லினில் ஒரு மத்தியானத்தில் கணினி முன் உட்கார்ந்து இலங்கைக்கு விசா வாங்கியவள்.

படம் எடுக்கலாமா என்று கேட்டாள். கேட்டது எனக்குப் பிடித்தது. இந்த மலையில் கேட்காமல் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. பொகவந்தலாவையில் சென். மேரிஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் படுத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். டார்வின், டெனிசன், ஹெர்ஷல் எல்லாம் அவர் கமராவின் முன் உட்கார்ந்தவர்கள். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டம். 1875-இல் வந்தார், 1879-இல் டிக்கோயாவில் கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார். இடையில் இந்த நாட்டு மனிதர்களையும் படம் எடுத்தார். அழகான படங்கள். ஆனால் டார்வினின் படத்தின் கீழே டார்வின் என்று பேர் இருக்கிறது. இங்கே எடுத்த படங்களில் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்கிற மாதிரித்தான். அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று அவளுக்கு விளங்கியது. பையைத் துழாவிக் கொப்பி ஒன்றை எடுத்தாள்.

பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். பக்கத்துக் காம்பராவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, படத்தில் நிற்கப்போகிற ஐந்து பேரின் பேரையும் கொப்பியில் எழுதச் சொன்னாள். அந்தப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு முத்து முத்தாக எழுதியது. பிறகு லயத்து முன்னால் வரிசையாக நின்றார்கள். பெரியம்மா சேலை மாற்றாமல் நிற்கமாட்டேன் என்று கால்மணி நேரம் காக்க வைத்தார். கொழுந்துக் கறை படிந்த ஆட்காட்டி விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை அது.

நுவரெலியாப் பக்கம் சில தேயிலைத் தொழிற்சாலைகளில் இப்போது வேறுவிதமான படம் எடுக்கலாம். காசு கட்டினால் சேலை கட்டிவிடுவார்கள், தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையும் போட்டுவிடுவார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளக் காட்டிக்கொடுப்பார்கள். பத்து நிமிஷம். அட்டை ஏறுவதற்குள் முடிந்துவிடும். பல தோட்டங்களில் கூடையே போய் உரச்சாக்கு வந்துவிட்டது. கூடை மிச்சமிருப்பது வேஷத்துக்கு. எனக்கு இதில் கோபம் வருகிற அளவுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். சேலை கட்டிவிடுகிற அக்காவுக்கு அன்றைக்கு நிழலில் வேலை, மேலே கொஞ்சம் சந்தோஷமும் கிடைக்கும். அவரைப் பொறுத்தவரை அந்த வேஷம் வாழ்க.

காசிருந்தால் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் துரைமார் பங்களாக்கள் இருக்கின்றன, 2005-இலிருந்து ஹோட்டல். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகி நிற்கிறது. வெளிநாட்டுத் தொண்டர் பிள்ளைகளுக்கு அங்கே கட்டுப்படியாகாது, அது அவர்களுக்கு நல்லதுதான். அவர்கள் தங்குகிற சின்ன விடுதியையும், சாப்பாட்டுக் கடையையும், ஆட்டோவையும் நடத்துகிறவர்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எங்கள் பிள்ளைகள்தான். அந்தக் காசு லயத்துக்குத் திரும்பிவரும்.

அன்றைக்கு அவர்கள் நுவரெலியா பஸ்ஸைப் பிடிக்கவில்லை. தலவாக்கலை டவுனில் ஒரு விடுதியில் தங்கினார்கள். மறுநாள் காலை பெரட்டுக்களத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்டுப் பார்த்ததில் கணக்கப்பிள்ளை சம்மதித்தார். ஆறரை மணிக் குளிரில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிட்டதும் பெண்கள் கலைந்து நடந்தார்கள். பத்து மணிக்கு முதல் நிறுவையில் மடுவத்தருகே நின்றார்கள். தராசில் தொங்கிய சாக்கின் எடையில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதியதை அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். இரவு மழை பெய்யவில்லையே, எப்படி ஈரம் என்று என் காதில் கேட்டாள். இந்தக் கேள்வியை நாங்கள் நூறு ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். டொராண்டோப் பையன் ஃபோனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கொழுந்து மூட்டையை இறக்க ஒருவருக்குக் கைகொடுக்கப் போய், பாரம் தாங்காமல் தடுமாறி, அந்த அம்மாவிடமே வாங்கிக் கட்டிக்கொண்டான்: "வுடு தம்பி, நீ வுழுந்தா நாந்தான் ஒன்னயும் தூக்கணும்."

எல்லவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. ஞாயிறு காலை அவன் வடக்குக்கும் அவள் தெற்குக்கும் பிரிந்தார்கள். இனி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது இந்த ரயில் பாதையும் பல இடங்களில் மண்சரிவில் போனது. எதுவரை கோச்சி ஓடுகிறது என்று ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் வந்தாலும் இதே மலைதான், கூவுவதற்குச் சுரங்கம் மட்டும் கிடைக்காது.

பையன் அன்று இரவே படங்களைக் கொழும்பில் வேலை பார்க்கிற பெரியம்மாவின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறந்துவிட்டாள், வயது அப்படி என்று நானும் விட்டுவிட்டேன். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது. கடிதம் என்றால் தோட்டப் பேர், பிரிவுப் பேர், தலவாக்கலை என்று ஆபீசுக்கு வந்து, அங்கே யாராவது கண்ணில் பட்டால் கையில் கொடுத்துவிடுவார்கள். படாவிட்டால் கிடக்கும். புதுவருஷம் முடிந்து நான் போனபோது, பெரியம்மா தகரப்பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். மார்ச் மாதத்து முத்திரை. ஏப்ரலில் கைக்கு வந்ததாம்.

உள்ளே கழுவிய படம் ஐந்து, ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பின்பக்கமும் நீல மையில், தமிழில், ஐந்து பேரின் பேர். கொப்பியில் பிள்ளை எழுதிக்கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். கோலம் போடுகிற மாதிரி, எழுத்து கீழேயிருந்து மேலே போயிருக்கிறது. பெரியம்மாவின் பேரில் 'ள'வுக்குச் சுழி ஒன்று கூடிப்போய் அது என்ன எழுத்தென்றே சொல்ல முடியவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். பிழையைச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிட்டது.

"பரவாயில்ல, அந்தப் புள்ளைக்கு எங்க தமிழ் தெரியும்" என்று படத்தை வாங்கி மறுபடி பெட்டிக்குள் வைத்தார் பெரியம்மா. "இன்னொரு தடவ லீவு கெடச்சா வரச் சொல்லி எழுது. தீபாவளிக்கு மட்டும் வேணாம்னு சொல்லு. கொழும்புலருந்து எம் புள்ளைகெல்லாம் லீவுல வருவாக, படுக்க எடம் இருக்காது."